ஓட்டையைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதா?

 

ஆகாய் தீர்க்கதரிசி முதலாம் அதிகாரம் 6-ம் வசனத்தில், பொத்தலான பையிலே கூலியைப் போடுகிற ஒருவனைக் காட்டுகிறார். அவன் சோம்பேறி அல்ல, பாடுபட்டவன்தான். ஆனால் பையைத் திருப்பிப் பார்க்கவில்லை! இந்த வசனத்தை வைத்து இந்த மாதம் உங்கள் வீட்டுக் காரைக் குறித்துப் பேசப்போகிறேன். ஆச்சரியப்படாதீங்க. ஆராதனை முடிந்து வண்டிகள் போனபின் சபை வளாகத்துத் தரையைப் பாருங்கள். சிமெண்டில் வட்ட வட்டமாய்க் கறுப்புப் புள்ளிகள். கேட்டால், "வாரம் அரை லிட்டர் ஊத்துறேன் பாஸ்டர், நல்லாத்தான் ஓடுது" என்கிறார்கள். சிறிய கார் இன்ஜினுக்கு மொத்தமே ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில்தான். சாறிபாத் ஊர் விதவைக்கு எண்ணெய் தீராமல் இருந்தது கர்த்தர் செய்த அற்புதம். நம்முடைய ஆயில் சம்ப்புக்கு அப்படி ஒரு வாக்குத்தத்தம் இல்லை!

சரி, முதலில் என்ன செய்வது? ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள். காலையில் வெறும் தண்ணீராய் இருந்தால் ஏசி தண்ணீர், பயப்படாதீங்க. பச்சையாகவோ சிவப்பாகவோ பிசுபிசுத்தால் அநேகமாய் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்தின் அருகே நனைந்திருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும். பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாய் இருந்தால் இன்ஜின் ஆயில். காகிதத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் கேஜில் ஆயில் குறைகிறதா? சைலன்சரில் நீலப்புகை வருகிறதா பாருங்கள். அப்படியானால் ஆயில் உள்ளே எரிகிறது. அது வேறு வியாதி.

இப்பொழுது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். சொட்டு விழுகிற இடம் வேறு, கசிவு தொடங்குகிற இடம் வேறு! ஆயில் மேலே கசிந்து, இன்ஜினின் பக்கவாட்டில் வழிந்து, ஓடும்போது காற்றில் பின்னால் அடிக்கப்பட்டு, எங்கேயோ ஒரு போல்ட் நுனியில் வந்து சொட்டும். அந்த போல்ட்டை முறுக்கி என்ன பிரயோஜனம்?

மாருதி ஆம்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் உற்பத்தி நின்றுபோனாலும் ஊழியக்காரர் பலரைச் சுமந்த வண்டி அது. முன்சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும், ஆகவே யாரும் தூக்குவதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய மாடலில், ஹெட்டின் பின்பக்கம் அது பொருந்துகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. சூட்டில் அது கடினப்பட்டுப் போனால், ஆயில் நேரே கீழே இறங்கி இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில் சொட்டும். அடியில் படுத்துப் பார்க்கிற அவசரக்காரர் என்ன சொல்லுவார்? "பின் ஆயில் சீல் போச்சு சார், கியர் பாக்ஸ் இறக்கணும்." ஒரு நாள் வேலை, பெரிய கூலி! இறக்கி மாட்டியபின்னும் சொட்டு நிற்காது. குற்றவாளி மேலே இருக்கிற ஒரு சின்ன ரப்பர் அல்லவா?

ஆகையால் முதலில் கழுவுங்கள். இன்ஜின் நன்றாய் ஆறினபின் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துத் துடைத்து முழுவதும் உலரவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டிவந்து நிறுத்தி, டார்ச் அடித்து மேலிருந்து கீழே பாருங்கள். எல்லாவற்றிலும் உயரத்தில் எது நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஆரம்பம். பழுது உண்மையிலேயே பின் சீலில் இருந்தால் இறக்கத்தான் வேண்டும். தாமதித்தால் கிளட்ச் பிளேட்டும் நனைந்து வழுக்கும்.

பெரும்பாலும் மேலே டேப்பட் கவர் பேக்கிங்தான் முதலில் அகப்படும். பழையதை முறுக்கி முறுக்கிச் சரிசெய்ய நினைக்காதீங்க. கவர் வளையும், பேக்கிங் பிதுங்கும். புதியதைப் போட்டு, இரண்டு பரப்பையும் சுத்தம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சமமாக இறுக்க வேண்டும். ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுகினால் பில்டரைப் பாருங்கள். பழைய பில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதை மாட்டிவிடுவது உண்டு. டிரெயின் நட்டுக்கும் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு சீல் மாற்றினால் அடுத்த சீல் ஒழுகுகிறது, அதை மாற்றினால் மற்றொன்று. இப்படி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் உள்ளே உண்டாகும் வாயு வெளியேறுகிற வால்வோ குழாயோ அடைத்திருக்கலாம். போக வழியில்லாத அழுத்தம் பலவீனமான இடத்தைப் பார்த்து ஆயிலைத் தள்ளுகிறது. சீலைப் பழி சொல்லுமுன் அந்தக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள். கசிவை நிறுத்துகிற மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது ரப்பரைச் சற்று உப்பச் செய்யும். கிழிந்ததைத் தைக்காது.

சகோதரனே, வண்டிக்கு அடியில் போகுமுன் ஒரு வார்த்தை. ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருபோதும் உள்ளே படுக்காதே! ஸ்டாண்டு கொடு, சக்கரத்துக்குக் கட்டை வை.

கன்வென்ஷனுக்குக் குடும்பமாய்ப் புறப்படும் நாளில், வண்டி சமதரையில் ஆறி நிற்கும்போதே கேஜை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவே ஆயில் இருக்க வேண்டும். வழியில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால், அது அளவு குறைந்ததை முன்னதாய்ச் சொல்லும் விளக்கு அல்ல. அழுத்தமே போய்விட்டது என்று அர்த்தம். "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கருகின வாசனையோ புகையோ வந்தால் சூடான சைலன்சர் குழாயில் ஆயில் விழுகிறது, தீப்பிடிக்கக்கூடும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளை இறக்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். ஆட்டோ பிடித்து வாருங்கள், முதல் பாட்டு தவறினால் பரவாயில்லை.