சிக்கனமும் கைமாறிய ஆடையும்

சிக்கனம் ஓர் ஒழுக்கப் பண்பா, அன்றி வருவாய்க் குறைவின் விளைவு மாத்திரமா என்பது அறவியலிற் பழைய வினா. பிரித்தானியாவிற் கட்டிளமைப் பருவத்தினர் பலர் தரும நிறுவனங்களின் கடைகளிற் பாவித்த உடுப்புகளை வாங்கும் வழக்கம் இவ்வினாவை மீள எழுப்புகின்றது. கையிலுள்ள பணத்தைக் கணக்கிட்டுச் செலவிட இவ்வழக்கம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றது என்பர். அக்கூற்று எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது.

அந்நாட்டில் ஆடைச் சிக்கனம் ஒருகாலத்தில் அரசின் கட்டளையாக இருந்தது. 1941 முதல் 1949 வரை ஆடைகள் பங்கீட்டு முறையிலேயே விற்கப்பட்டன. முதலாண்டில் வளர்ந்தோர் ஒருவருக்கு 66 கூப்பன்களே கிடைத்தன. கிழிந்தவற்றைத் தைத்து அணியும் முறைகளைக் கூறும் கைந்நூலொன்றையும் 1943 இல் அரசு வெளியிட்டது. அன்று தமக்கையின் சட்டையை அணிந்த சிறுமிக்கு வேறு வழி இருக்கவில்லை. எனினும், அச்சட்டையைப் பேணுவதும் பேணாது விடுவதும் அவள் கையிலேயே இருந்தன. சிக்கனம் பண்பாக மலர்ந்தது அவ்விடத்திலேயாம்.

இன்றைய நிலை வேறு. புதிய ஆடையே மலிந்துவிட்ட சூழலிற் பழையதை நாடுவது பலருக்குத் தெரிவாகின்றது. ஆயின், ஒரு புதிய சட்டையின் விலைக்கு நான்கு பழைய சட்டைகளை வாங்கி, அவற்றுள் மூன்றை அணியாது விடும் இளைஞன் எதனை மீதப்படுத்தினான்? விலை குறைந்தது, வேட்கை குறையவில்லை. வசதியுள்ளோர் இவ்வாறு வாங்குவது வறியோரின் பங்கைப் பறிப்பதாகும் என்பாரும் உளர். நல்லதொரு குளிர்காலச் சட்டையைப் பொறுத்தவரை அது உண்மையாகலாம். ஆயினும், மொத்தத்தில் நோக்குமிடத்து, அங்கு நிலவுவது பற்றாக்குறையன்று, மிகையேயாகும். அக்கடைகளில் விலைபோகாதவற்றிற் பெரும்பகுதி பொதிகளாகக் கடல் கடந்து செல்கின்றது. கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள கண்டமாண்டோச் சந்தை அத்தகைய பொதிகள் சென்றடையும் இடங்களுள் ஒன்று. அங்கும் விற்க இயலாதவை குப்பையாகிக் கடற்கரையில் ஒதுங்குகின்றன.

அவ்வாறாயின், இப்பழக்கத்தாற் பயனே இல்லையா? உண்டு. பழைய சட்டையை வாங்குபவர் அதனைப் புரட்டிப் பார்க்கின்றார், தையலை இழுத்துப் பார்க்கின்றார், பொத்தான்களை எண்ணுகின்றார். விளம்பரம் மறைத்த மனித உழைப்பு அக்கணத்தில் வெளிப்படுகின்றது. அவ்வுழைப்பு நமக்கு அந்நியமானதன்று. 1978 இல் தொடங்கப்பட்ட கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில், கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஏற்றுமதிக்காகத் தைத்த ஆடைகள் பிரித்தானியாவுக்கும் சென்றன. கழுத்தின் உட்புறத்துச் சிறு துணித்துண்டில் நம் நாட்டின் பெயரைக் காணும் பிள்ளை, அதைத் தைத்தவரும் தன்னைவிடச் சில வயதே மூத்தவர் என்பதை உணருமாயின், அது விலைப்பட்டியல் கற்பிக்காத பாடமாகும்.

எனவே, சிக்கனம் மலிவாக வாங்கும் திறமையன்று. பிறர் உழைப்பை வீணாக்க மறுக்கும் மனப்பாங்கு. அதனைக் கடை தொடக்கிவைக்கலாம். தேவையற்றதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பவும், வாங்கியதன் கிழிசலைத் தானே தைத்து அணியவும் பழகும்போதே அது நிறைவு பெறும்.