வேடம் கலைந்த பின்

நாடகம் முடிந்து திரை விழுந்தபின், சிறு வயது முதல் தன் உள்ளத்தில் தெய்வமாகவே வைத்துப் போற்றிவந்த நடிகரை ஒப்பனைக் கொட்டகைக்குச் சென்று நேரில் காணும் ஒருவர் அங்கே உண்மையில் காண்பது யாரை என்னும் வினா, முதற்பார்வைக்கு ரசிக மனநிலை பற்றிய எளிய வினாவாகத் தோன்றக்கூடும். ஆனால் மேடையில் அருச்சுனனாக நின்றவர் யார், அந்தப் பெருமை யாருக்கு உரியது, அரிதாரம் கலைந்ததும் அது எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால், காஷ்மீரத்து அறிஞர்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாதிட்ட ரசக் கோட்பாட்டின் நடுவிலேயே அந்த வினா நின்றுகொண்டிருப்பது தெரியவரும். ரசம் என்பது நாடகத்தைக் காண்பவர் அடையும் சுவை. பரதரின் நாட்டிய சாத்திரம் அதன் தோற்றத்தை ஒரு சுருக்கமான சூத்திரத்தில் கூறிச் சென்றதால், அச்சுவை தங்கும் இடம் எது என்பதைப் பற்றி உரையாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கருத்து வேறுபட்டனர்.

அவர்களுள் முற்பட்டவரான பட்ட லோல்லடர், சுவை முதன்மையாக இராமனைப் போன்ற கதைமாந்தரிடமே உள்ளதென்றும், அம்மாந்தராகத் தன்னைப் பாவித்துக்கொள்வதால் நடிகரிடமும் அது தோன்றுகிறதென்றும் கொண்டார். இளமையில் ஒரு நடிகரைக் கண்டு மயங்கிய எவரும், தாம் அறியாமலே, லோல்லடர் பக்கம் நிற்பவரே. வீரம் அந்த மனிதருக்குள் இருக்கிறது, ஆகவே அருகே சென்றால் அதை இன்னும் நெருக்கமாகக் காணலாம் என்பதுதான் கொட்டகையின் பின்வாசலில் காத்து நிற்பவரின் நம்பிக்கை. இதை மறுத்த ஸ்ரீ சங்குகர், ஓவியத்தில் எழுதப்பட்ட குதிரையை உவமையாகக் காட்டினார். சுவரில் தீட்டிய குதிரையைக் கண்டு குதிரை என்று கூறுபவருடைய அறிவு மெய்யறிவும் அன்று, பொய்யறிவும் அன்று, ஐயமும் அன்று, வெறும் ஒப்புமை உணர்வும் அன்று. மேடையில் இராமன் நிற்கிறான் என்னும் அறிவும் அத்தகையதே. இவ்வுவமையை ஓர் அடி நீட்டிப் பார்த்தால், நாடகம் முடிந்தபின் நடிகரைத் தேடிச் செல்பவர், ஓவியக் குதிரையின் பிடரியைத் தடவிப் பார்க்கக் கை நீட்டியவர் ஆகிறார். கையில் தட்டுப்படுவது சுண்ணாம்புச் சுவர்தான்.

பின்வந்த பட்ட நாயகர் சாதாரணீகரணம் என்னும் சொல்லைக் கொண்டுவந்தார். ஒருவருடைய துயரம் அல்லது காதல், இன்னாருக்குரியது என்னும் கட்டிலிருந்து விடுபட்டு அனைவருக்கும் பொதுவாவதையே அச்சொல் குறிக்கிறது. அதை ஏற்று விரித்த அபிநவகுப்தர், நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய அபிநவபாரதி என்னும் உரையில், முடியும் தலையணியும் நடிகரின் சொந்த அடையாளத்தை மறைப்பதால், காண்பவர் அவரை இந்த ஊரைச் சேர்ந்த, இந்தக் காலத்து மனிதராக எண்ணுவதில்லை என்றும், அதே வேளையில் அவரைப் பழங்கால இராமனாகவும் முழுதாக எண்ணிவிடுவதில்லை என்றும் விளக்குகிறார். நடிகருக்குப் பாத்திரம் என்னும் பெயர் அமைந்ததற்கு அவர் காட்டும் காரணம் கூர்மையானது: கலத்தில் மது நிறைந்திருந்தாலும் அதைச் சுவைப்பது கலம் அன்று, அருந்துபவருக்கு அது ஒரு கருவியே. தமிழில் இன்றும் கதைமாந்தரைப் பாத்திரம் என்றே அழைக்கிறோம் என்பதும், அதே சொல்லால் அடுப்படிக் கலத்தையும் குறிக்கிறோம் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய இளம்பூரணர் மேற்கோளாகக் காத்துத்தந்த, இன்று மறைந்துபோன செயிற்றியம் என்னும் நாடக நூலின் நூற்பாவும், ஆடுவோர் செய்தது காண்போரைச் சென்றடைவதையே மெய்ப்பாடு என்கிறது.

இவ்வளவில் நிறுத்தினால், வேடம் கலைந்த நடிகரைக் கண்டு ஏமாறுவது ஓர் அறிவுப் பிழை என்று முடித்துவிடலாம். ஆனால் அபிநவகுப்தர் நாடக உரையாசிரியர் மட்டும் அல்லர். பிரத்யபிஞ்ஞை எனப்படும் மெய்யியல் மரபின் பேராசிரியரும் ஆவார். பிரத்யபிஞ்ஞை என்றால் மீண்டும் அறிதல், அதாவது முன்பே அறிந்த ஒன்றை இதுவே அது என்று அடையாளம் கண்டுகொள்ளுதல். அம்மரபின் மூலநூலை இயற்றிய உத்பலதேவர் அதன் இறுதிப் பகுதியில் காட்டும் உவமையில், ஒருவனுடைய சிறப்புகளைக் கேட்டுக் கேட்டே அவன்மீது காதல் கொண்ட பெண், அவன் அருகிலேயே வந்து நிற்கும்போதும், அவனும் ஏனையோரைப் போன்ற ஒருவனாகத் தோன்றுவதால் மகிழ்ச்சி அடைவதில்லை. கேட்ட சிறப்புகள் இவனிடம் இருப்பவையே என்று அறிந்த நொடியில்தான் அவள் உள்ளம் நிறைகிறது. உயிர் தனக்குள்ளேயே உள்ள இறைவனை அறியாதிருப்பதும் இவ்வாறே என்பது உத்பலதேவர் கருத்து. கொட்டகையில் நடப்பது இதன் மறுதலை. அங்கே அடையாளத்தில் குழப்பம் இல்லை. இவரே அவர் என்பது வந்தவருக்கு ஐயமறத் தெரியும். இருந்தும், தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரிடம் முன்பு கண்ட சிறப்புகள் வந்து பொருந்த மறுக்கின்றன. சொல்ல நினைத்துச் சென்றது ஒன்றும் சொல்லப்படாமல், சாப்பிட்டாயிற்றா என்பதுபோன்ற ஒரு சொல்லோடு சந்திப்பு முடிந்துவிடுவதற்குக் காரணம் கூச்சம் மட்டும் அன்று. பொதுவாக விரிந்திருந்த ஒன்று, ஊரும் பேரும் வயதும் உடைய ஒருவரிடம் திரும்பிச் சுருங்கியதைக் கண் முன்னால் காண்பதும் ஆகும்.

சமயச் சடங்காக நிகழும் கூத்துகள் இச்சுருக்கத்தை மறைக்க முயல்வதில்லை; மாறாக, வேடம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் ஊரறியக் குறித்துவைக்கின்றன. வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் விழாவில் நிகழும் அருச்சுனன் தபசில், வேடம் கட்டிய கூத்தர் உயர்ந்த தபசு மரத்தின் உச்சியில் இருந்து வீசும் திருநீறும் எலுமிச்சையும் பூவும் பிள்ளைவரம் தரும் என்று கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள்; அடுத்த நாள் அதே கூத்தர் வீதியில் நடந்து போனால் அவரிடம் எவரும் வரம் கேட்பதில்லை, அதனால் எவருக்கும் மனக்குறையும் இல்லை. காசிக்கு எதிர்க்கரையில் உள்ள இராம்நகரில் ஏறத்தாழ ஒரு மாதம் நிகழும் இராமலீலையில் இராமனாகவும் சீதையாகவும் தெரிவு செய்யப்படும் சிறுவர்கள் சொரூபங்கள், அதாவது இறைவனின் சொந்த வடிவங்கள், எனப்படுகின்றனர். தலையில் மகுடம் இருக்கும்வரை முதியவர்களும் அவர்கள் காலைத் தொட்டு வணங்குவர். குரல் உடையும் வயது வந்ததும் அச்சிறுவர்களின் தெய்வப் பணி முடிந்து வேறு சிறுவர்கள் வருகின்றனர். அபிநவகுப்தர் அழகியல் காரணம் கூறிய அதே மகுடம், இங்கே வழிபாட்டின் எல்லைக்கல்லாக நிற்கிறது.

எனினும், கலம் வேறு சுவை வேறு என்னும் இத்தெளிவை முழுமையாகப் பாராட்டிவிட இயலாது. வட கேரளத்தின் தெய்யம் என்னும் சடங்காட்டத்தில், கோலம் கட்டியவர் முடி சூடிக் கண்ணாடியில் தம் முகத்தைக் கண்ட நொடியிலிருந்து தெய்வமாகிறார். நிலவுடைமைக் குடும்பத்தாரும் அவர் முன் கைகூப்பி அருள்வாக்குக் கேட்கின்றனர். ஆனால் கோலம் கட்டும் உரிமையுடைய மலையர், வண்ணார் முதலிய சமூகத்தினரை, முடி இறங்கிய பின்பு, வழியில் விலகி நிற்கவேண்டியவர்களாகவே முற்காலச் சாதி ஒழுங்கு நடத்தியது. அவ்வழக்கத்தையே கேள்விக்கு உள்ளாக்கும், ஆதி சங்கரரை வழிமறித்து வாதிடும் புலையனின் கதையைக் கூறும் பொட்டன் தெய்யத்தை ஆடியவர்களுக்கும் அதே நிலைதான். அருள் தந்த வாய்க்கும் அந்த வாய்க்கு உரிய மனிதனுக்கும் இடையே இத்தனை தெளிவாகக் கோடு கிழிக்க முடிந்தது மெய்யியல் நுட்பத்தால் மட்டும் அன்று, வசதியாலும்தான். இந்தப் பின்னணியில் பார்க்கும்போது, கொட்டகையின் பின்வாசலில் தயங்கி நிற்கும் ரசிகரின் பிழை அவ்வளவு பெரியதாகத் தோன்றவில்லை. மதுவை அருந்தியவர் கலத்தையும் கழுவி வைக்க வந்திருக்கிறார்.

தமிழ் நாடக மரபில், வேடத்துக்கும் அதைக் கட்டிய மனிதருக்கும் உள்ள உறவு பற்றிய இவ்வினாவின் கடுமையான வடிவம் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றில் காணப்படுகிறது. 1867 முதல் 1922 வரை வாழ்ந்த அவர், எமன், சனீசுவரன், இரணியன் போன்ற அச்சம் தரும் வேடங்களில் புகழ்பெற்றவர். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட பெண் ஒருத்திக்கு, அந்த அதிர்ச்சியால் பெருந்தீங்கு நேர்ந்ததென்றும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டாரென்றும் பலவாறாக அச்செய்தி கூறப்படுகிறது. மேடை என்னும் எல்லை இல்லாத இடத்தில் ஓவியக் குதிரை உயிர்க்குதிரையாகிப் பாய்ந்ததன் கதையாக அதைக் கொள்ளலாம். நாடக ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் தொடர்ந்த சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த சிறுவர்களுள் தி. க. சண்முகமும் அவருடைய தமையன்மாரும் இருந்தனர். அச்சிறுவர்கள் வந்து சேர்ந்த காலத்தில் எமனும் சனீசுவரனும் கலைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன; பாடல் எழுதி, பாடம் சொல்லி, பிழை கண்டால் சினந்துகொண்ட மனிதரே அவர்களுக்குக் கிடைத்தார். அவரையே சண்முகம் தம் வாழ்நாள் முழுதும் குருவாகப் போற்றினார். பின்னர் 1940களில், முப்பது வயதை ஒட்டிய அந்த நடிகர் மூதாட்டியான அவ்வையாராக நடித்தபோது, வேடத்தின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு அதன்பின் கலையவே இல்லை. சென்னையில் லாயிட்ஸ் சாலையாக இருந்த தெருவின் பெயர்ப்பலகையில் இன்று அவ்வையும் சண்முகமும் சேர்ந்தே இருக்கின்றனர்.