பாவம் என்றொரு சொல்

நான் இருக்கும் அமெரிக்கச் சிற்றூரின் பொது நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் மாதம் ஒருமுறை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுவார்கள். பெரியவர்கள் பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு வாங்கி, இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் வேர்விட்டு உட்கார்ந்துவிட்ட புத்தகம்.

பேச்சு வழக்கமான தடத்தில்தான் தொடங்கியது. அலபாமாவின் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். வெள்ளைக்காரப் பெண்ணை வல்லுறவு செய்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி. அவனுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச். பிள்ளைகளின் புத்தகங்களில் ஆட்டிகஸ் பேசும் பக்கங்களில்தான் மஞ்சள் மை பளிச்சிட்டது. நானும் முதல் வாசிப்பில் அங்கேதான் கோடு போட்டவன். நல்லவர் ஒருவர் கிடைத்துவிட்டால் அநியாயத்தைப் பற்றிப் படிப்பது எவ்வளவு சுலபமாகிவிடுகிறது!

ஜன்னலோரம் ஒரு கறுப்பினச் சிறுமி. புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்திருந்தாள். “டாம் எதனால் செத்தான்?” என்று கேட்டாள். பொய்ச் சாட்சி என்றான் ஒருவன். வெள்ளை ஜூரி என்றாள் இன்னொருத்தி. தப்பி ஓடும்போது சிறைக் காவலர்கள் சுட்ட 17 குண்டுகள் என்று கணக்கே சொன்னான் மூன்றாமவன். அவள் பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னது என் காதில் தமிழாகவே விழுந்தது: “அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொன்னதால்.”

அந்த இடத்தைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். டாமுக்கு 25 வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். சிறுவயதில் பருத்தி ஜின்னிங் இயந்திரத்தில் சிக்கிய இடது கை சூம்பிப்போய், வலது கையைவிடக் குட்டையாகத் தொங்குகிறது. குற்றம் சாட்டிய மயெல்லா யூவெல் கூப்பிட்டபோதெல்லாம் போய் விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, காசு வாங்காமல் திரும்பியிருக்கிறான். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவனைப் ‘பையா’ என்றே அழைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். எதற்காக இத்தனை வேலை, கூலியும் வாங்காமல்? அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான் டாம். அவ்வளவுதான். வழக்கறிஞருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அந்தப் பதில் கூடத்தில் ஊறட்டும் என்று சற்று நிறுத்துகிறார். டாமுக்கும் தெரிந்துவிடுகிறது, வாய் தவறிவிட்டது என்று.

அவன் சொன்னதில் பொய் ஏதுமில்லை. குப்பைமேட்டை ஒட்டிய குடிசை, குடிகார அப்பன், ஏழு தம்பி தங்கைகள். முற்றத்தின் ஓரத்தில் பீங்கான் பூச்சு உதிர்ந்த ஆறு பழைய பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் வளர்க்கிறாள் மயெல்லா. அந்தப் பூக்களைப் பார்த்த எவருக்கும் மனசு இளகும். ஆனால் இளகுவதற்கும் அந்த ஊரில் உரிமைப்பட்டா இருந்தது.

நம் மொழியில் ‘பாவம்’ என்றால் இரக்கம், ‘பாவம்’ என்றால் குற்றம். ஒரே எழுத்துகள், ஒரே உச்சரிப்பு. மழையில் நனையும் நாய்க்குட்டியை, அப்பனில்லாத பிள்ளையை, ஏமாந்துபோன பக்கத்து வீட்டுக்காரரைப் பாவம் என்போம். முதலாளியின் முகத்துக்கு நேரே ‘நீங்க ரொம்பப் பாவம் சார்’ என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும், அந்தச் சொல் ஒரு படி மேலே நின்று சொல்லப்படுவது என்று. மேகோம்பில் அந்தப் படி வெள்ளைத் தோலுக்கு மட்டும். டாம் அதன்மேல் ஏறி நின்றுவிட்டான். நினைத்தே பார்க்காமல், மனிதன் மனிதனைப் பார்ப்பது போல.

“ஜூரி முன்பே முடிவு செய்தாயிற்று. அவன் என்ன சொன்னாலும் ஒன்றுதான்” என்று ஒரு பையன் மறித்தான். அவன் சொன்னதும் சரிதான். 1931இல் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோவில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மீது இதே பழி விழுந்தது. 1933 மறுவிசாரணையில், குற்றம் சாட்டிய இரு பெண்களில் ஒருத்தியே நீதிமன்றத்தில் வந்து அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாள். ஜூரி அப்போதும் குற்றவாளி என்றே தீர்ப்புச் சொன்னது. ஒன்பது பேரில் கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல். அப்போது அவர்களில் யாரும் உயிரோடு இல்லை. ஹார்ப்பர் லீ பிறந்தது 1926. அந்த வழக்கு நடந்த காலத்து அலபாமாவில் வளர்ந்த குழந்தை.

பஸ் டிக்கெட்காரி விடவில்லை. “நாமெல்லாம் புத்தகத்தை மூடும்போது டாமைப் பாவம் என்கிறோம். அப்படிச் சொல்ல நமக்கு யாரிடமும் அனுமதி வேண்டியிருக்கவில்லை.”

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை முறை படித்தும் டாமைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கூண்டில் நின்று, கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதில்கள்தான். அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும், எதற்குக் கோபம் வரும்? கதை சொல்பவள் ஸ்கவுட், வெள்ளைச் சிறுமி. கறுப்பர்களுக்கு ஒதுக்கிய மாடத்தில் நால்வர் எழுந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்துதான் அவள் வழக்கைப் பார்க்கிறாள். எழுந்து நின்ற அந்த நால்வர் கண்ணில் வழக்கு எப்படித் தெரிந்தது என்று நாவலில் இல்லை. 2017இல் மிசிசிப்பியின் பிலாக்ஸி நகரப் பள்ளிகள் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இதை எடுத்தபோது, இதன் சொற்கள் சங்கடப்படுத்துகின்றன என்றார்கள். என்னைச் சங்கடப்படுத்தியது வசைச்சொற்கள் அல்ல. என் இரக்கம் எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்திருந்தது என்பதுதான்.

கடைசியாக நாவலின் ஒரு சமையலறைக் காட்சிக்கு வந்தார்கள். தீர்ப்புக்கு மறுநாள் காலை ஆட்டிகஸ் வீட்டுப் பின்வாசலில் கோழியும் உப்பிட்ட பன்றிக்கறியும் ரொட்டியுமாகக் குவிந்து கிடக்கிறது. கறுப்பினக் குடும்பங்கள் கொண்டுவந்து வைத்தவை. ஆட்டிகஸ் கண் கலங்குகிறார். நன்றி சொல்லச் சொல்கிறார். இனிமேல் இப்படிச் செய்ய வேண்டாம், காலம் மோசமாக இருக்கிறது என்றும் சொல்லியனுப்புகிறார்.

“ஏன் வேண்டாம் என்றார்?” என்று கேட்டாள் பஸ் டிக்கெட்காரி.

“அவர்களே கஷ்டத்தில் இருப்பவர்கள் ஆயிற்றே” என்றான் பையன்.

“கொடுப்பதற்கு அவர்களுக்கும் ஆள் வேண்டாமா?”

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடித்து அடுக்கினோம். அவள் அம்மா சுட்டுக் கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவோடு அவள் பின்வரிசைக்கு வந்தாள். அடியில் இரண்டுதான் மிச்சம். “வேண்டாம்மா, நீ வச்சுக்கோ” என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது, அதுவும் தமிழில். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பாவை நீட்டியபடியே நின்றாள்.

ஒன்றை எடுத்துக்கொண்டேன்.