மரணத்தை நம்ப மறுத்தல் அறமாகுமா?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கமுதி வரையில் பரந்து கிடக்கும் வானம்பார்த்த பூமியில், மழையையும் பருத்தியையும் தறியையும் நம்பி வாழ்ந்து, அவையும் கைவிட்ட காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிச் சென்ற ஜனங்களின் சந்ததியில், ‘போஸ்’ என்றும் ‘சுபாஷ்’ என்றும் ‘சந்திரபோஸ்’ என்றும் பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் இன்றும் உண்டு. வங்காளத்தில் குடும்பப்பெயராக இருந்தது இந்தக் கரிசல் மண்ணில் மனிதரின் இயற்பெயராகிவிட்டதென்றால், அதன் பின்னே இருக்கும் அபிமானம் சாமானியமானதன்று. அந்த அபிமானத்தின் ஒரு கூறாகவே, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்தார் என்ற செய்தியை இப்பிரதேசத்து மக்களில் மிகப் பலர் ஏற்க மறுத்து, பல்லாண்டுகள் அவர் வரவை எதிர்நோக்கியிருந்தனர். அன்பினால் விளைந்த அந்த மறுப்பு அறத்தோடு பொருந்துவதா என்பது ஆராயத்தக்க கேள்வி.

முதலில் நிகழ்ந்ததைக் காண்போம். 1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைதலை அறிவித்தது. மறுநாள் சிங்கப்பூரை விட்டு நீங்கிய போஸ், பாங்காக் வழியாகச் சைகோன் அடைந்தார். உடன் வந்தவர்களுள், போஸ் நிறுவிய தற்காலிகச் சுதந்திர இந்திய அரசாங்கத்தின் பிரசார மந்திரியாக இருந்த தமிழர் எஸ். ஏ. ஐயரும் ஒருவர். விமானத்தில் இரண்டு இடங்களுக்கு மேல் தர இயலாதென்று ஜப்பானியர் கூறிவிட்டமையால், கர்னல் ஹபீபுர் ரஹ்மானை மட்டும் உடன்கொண்டு போஸ் புறப்பட்டார். அது மிட்சுபிஷி நிறுவனம் செய்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம். மஞ்சூரியாவுக்குச் செல்லவிருந்த ஜெனரல் ஷிடெய் என்பவரும் வேறு ஜப்பானிய அதிகாரிகளும் அதில் இருந்தனர். இரவு டூரானில் தங்கி, ஆகஸ்ட் 18 பிற்பகல் தைவானிலுள்ள தைஹோக்கு விமான நிலையத்தில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு மீண்டும் எழுந்த சில நொடிகளுக்குள், இடப்புற எஞ்சினின் பகுதி கழன்று விழ, விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது. பெட்ரோலில் நனைந்த உடையோடு தீயினூடே வெளியேறிய போஸின் மேனியில் பற்றிய நெருப்பை ஹபீபுர் ரஹ்மான் தம் வெறுங்கைகளால் அணைக்க முயன்று, அக்கைகளைத் தாமும் சுட்டுக்கொண்டார். அன்றிரவே ராணுவ மருத்துவமனையில் போஸின் உயிர் பிரிந்தது. உடல் அங்கேயே தகனம் செய்யப்பெற்று, அஸ்தி டோக்கியோவுக்குக் கொண்டுபோகப்பட்டு ரெங்கோஜி ஆலயத்தில் வைக்கப்பெற்றது.

இச்செய்தியை ஜப்பானிய வானொலி ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்டபோது, அதை நம்பாதவர்களை மூடர் என்று இகழ எவருக்கும் உரிமை இருக்கவில்லை. ஏனெனில், 1942 மார்ச்சில் இதே மனிதர் விமான விபத்தில் இறந்ததாக உலகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்து, காந்தியடிகள் போஸின் அன்னைக்கு அனுதாபத் தந்தி அனுப்பிய பின்னர், அது முழுப் பொய் என்று தெரியவந்திருந்தது. உண்மையில் அப்போது டோக்கியோ மாநாட்டுக்குச் செல்லும் வழியில் விபத்துக்குள்ளாகி மாண்டவர்கள் சுவாமி சத்தியானந்த புரி, கியானி பிரீதம் சிங், காப்டன் முகமது அக்ரம், மலாயாவிலிருந்து சென்ற நீலகண்ட ஐயர் ஆகிய நால்வர். (இந்த நால்வரை இன்று நினைப்பார் எவருமில்லை என்பது தனியே வருந்தத்தக்கது.) அதற்கும் ஓராண்டு முன்பே, காவலில் இருந்த கல்கத்தா வீட்டிலிருந்து மாறுவேடத்தில் மறைந்து காபூல் வழியாக பெர்லினில் தோன்றியவர் அவர், பின்னர் நீர்மூழ்கிக் கப்பலில் பாதி உலகைச் சுற்றி ஆசியாவை அடைந்தவரும் அவரே. மறைவதும் தோன்றுவதுமே சரித்திரமாக அமைந்த ஒருவர் விஷயத்தில், மூன்றாம் முறையும் அவர் தோன்றுவார் என்று எண்ணியது மூடநம்பிக்கை அன்று. முந்தைய அனுபவத்திலிருந்து செய்த அனுமானம்.

நம் தத்துவ நூலோர் அறிவுக்குரிய பிரமாணங்களைக் காட்சி, கருதல், உரை என மூன்றாக வகுத்தனர். தைஹோக்குவில் நிகழ்ந்தது இந்திய ஜனங்களுக்குக் காட்சிக்கு எட்டாதது. கருதலோ, மேலே கூறியபடி, ஐயத்தின் பக்கமே சாய்ந்தது. எஞ்சியது உரை, அந்த உரையைச் சொன்னதோ தோல்வியுற்ற ஒரு பேரரசின் வானொலி. இதே திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் சித்தியடைந்தபோது, அன்பர் கூட்டம் அருகிருந்து தரிசித்தது, சமாதி எழுந்தது, துயரம் தனக்குரிய வடிவத்தைப் பெற்றது, அவர் மரணத்தை எவரும் மறுக்கவில்லை. கண்ட மரணத்துக்கும் காணாத மரணத்துக்கும் உள்ள இந்த வேற்றுமையை உணர்ந்தால், சாமானிய மக்களின் மறுப்பைக் குற்றமென்று கொள்ளுதல் தகாது.

ஆனால் மறுப்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ‘நான் நம்பமாட்டேன்’ என்பது ஒன்று. ‘நான் கண்டேன்’ என்பது வேறொன்று. முன்னது மனத்தின் நிலை, பின்னது சாட்சியம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர், 1939இல் போஸை மதுரைக்கு வரவழைத்தவர், 1952இலும் 1962இலும் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதியில் வென்றவர், நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்றும் அவரோடு தமக்குத் தொடர்பு உண்டென்றும் வெளிப்படையாகவே கூறிவந்தார். 1956இல் ஷா நவாஸ் கான் தலைமையில் மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் தோன்றியபோது, போர்க் குற்றவாளிகள் பட்டியலில் போஸின் பெயர் உள்ளதா இல்லையா என்பதை அரசு முதலில் தெளிவுபடுத்த வேண்டும் என்று கோரி, அதற்குத் திருப்தியான விடை கிட்டாமையால், தம்மிடம் உள்ளவற்றை வெளியிடாமலே நின்றுகொண்டார். 1963 அக்டோபர் 30 அன்று அவர் மறைந்தபோது அந்தச் சாட்சியமும் அவரோடு போயிற்று.

அவர் மனமறிந்து பொய்யுரைத்தார் என்று கூறுவதற்கு ஆதாரம் இல்லை. அவ்வாறு கூறுவதும் அறமன்று. தலைவர் பிடிபட்டு அந்நியரிடம் ஒப்படைக்கப்படுவாரோ என்ற அச்சம் உண்மையானதாயின், மௌனம் காத்தது விசுவாசத்தின் உச்சமே. ஆயினும், ஆதாரத்தை வெளியிடாத ஒருவர், அந்த வெளியிடாத ஆதாரத்தின் பேரில் லட்சோபலட்சம் எளிய மக்களின் நம்பிக்கையைக் கோருவது, அந்த மக்கள் தாங்க இயலாத சுமையை அவர்கள் மீது ஏற்றுவதாகும். அவர்களுக்கு ஆராயும் வழி ஏதுமில்லை. தம் தலைவரின் வாக்கு ஒன்றே உண்டு. எத்துணை அன்போடு நோக்கினும், தேவரின் நிலையில் இப்பகுதி குறையுடையதென்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

காந்தியடிகளும் இவ்விஷயத்தில் ஒருகால் இதே பாதையில் நின்றவர்தாம். போஸ் உயிரோடு இருக்கிறார் என்று தம் உள்ளுணர்வு உரைப்பதாக அவர் சொல்ல, நாடெங்கும் அது ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் ஹபீபுர் ரஹ்மானை நேரில் கண்டு அவர் கூறியதைக் கேட்ட காந்தியடிகள், 1946இல் ‘ஹரிஜன்’ இதழில், ஆதாரமற்ற அத்தகைய உணர்வை எவரும் நம்பவேண்டாம் என்றும், தாம் முன்பு சொன்னதை மறந்துவிடுமாறும் எழுதினார். தம் சொல்லுக்கு உலகம் தரும் மதிப்பை அறிந்தவர், அச்சொல்லைத் திரும்பப் பெறுவதில் காட்டிய இந்த விரைவு தலைமைக்குரிய கடன்களுள் முதன்மையானது.

இங்கேதான் இவ்விவகாரத்தின் மையம் இருக்கிறது. போஸ் இறக்கவில்லை என்று கொள்வதற்கு விலை ஏதுமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். நம்பிக்கைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பர். நஷ்டமுற்றவர் ஒருவர் உண்டு. போஸ் இறக்கவில்லையென்றால், ஹபீபுர் ரஹ்மான் பொய்யர். தம் தலைவரின் உடலில் எரிந்த தீயைத் தம் கைகளால் அணைக்க முயன்றவர், அந்தக் கைகளில் தழும்போடு டில்லிச் செங்கோட்டையில் பிரிட்டிஷாரின் விசாரணையை எதிர்கொண்டவர், தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, அங்கிருந்து 1956இல் மீண்டும் டில்லிக்கு வந்து குழுவின் முன் அதே வரலாற்றைச் சொன்னவர், தம் ஆயுளின் இறுதிவரை அதை மாற்றாதவர் — அவர், போஸின் மறைவைக் காக்க நாடகமாடினார் என்று எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்லப்பட்டது. விமானத்திலிருந்து பிழைத்த ஜப்பானிய அதிகாரிகளும், சிகிச்சை செய்த மருத்துவர் யோஷிமியும் அவ்வாறே சதிகாரராயினர். ஒருவர்பால் கொண்ட பக்தி, அவருக்காகவே வெந்தவரைப் பொய்யராக்குமானால், அந்தப் பக்தியை மறுபரிசீலனை செய்வது கடமையாகிறது. 1999இல் அமைந்த முகர்ஜி ஆணையம், விபத்து நிகழ்ந்ததற்குத் தைவானில் பதிவு இல்லை என்பதை முக்கிய காரணமாகக் காட்டி விபத்துச் செய்தியை மறுத்தது. அம்முடிவை அரசு ஏற்கவில்லை. 1945 அக்டோபர் வரை தைவானை ஆண்டது ஜப்பான் என்பதையும், தோற்றுச் சிதறிக்கொண்டிருந்த ஒரு சேனையின் ஏடுகள் பின்வந்த ஆட்சியாளரிடம் முறையாகச் சேரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை என்பதையும் எண்ணும்போது, ஏட்டின் இன்மை, வாழ்ந்த மனிதர்களின் வாய்மொழியை வெல்லத்தக்க பிரமாணமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு சொன்ன பின்னும், பெரும் குற்றம் மக்களுடையதும் அன்று, தேவருடையதும் அன்று. ஐரோப்பாவில் இதற்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று உண்டு. போலந்து நாட்டின் பிரதமர் ஜெனரல் சிகோர்ஸ்கி 1943 ஜூலை 4 அன்று ஜிப்ரால்டரிலிருந்து புறப்பட்ட விமானம் உடனேயே கடலில் வீழ்ந்து அவர் மாண்டார். பிரிட்டிஷ் விசாரணை மன்றம் நாசவேலை இல்லை என்றது. ஆனால் விமானத்தின் கட்டுப்பாடு எவ்வாறு பழுதாயிற்று என்பதைச் சொல்ல இயலவில்லை. விளைவு, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 2008இல் அவர் உடலைக் கல்லறையிலிருந்து எடுத்துப் பரிசோதிக்க வேண்டியதாயிற்று. காயங்கள் விமான விபத்தில் நேர்ந்தவையே என்று அறியப்பட்டது. 1944 ஜூலை 31 அன்று மத்தியதரைக் கடற்பகுதியில் மறைந்த பிரெஞ்சு எழுத்தாளர் செந்த் எக்சுபெரியின் விமானமோ 2000இல் கடலடியில் கண்டறியப்பட்டு 2004இல் அவருடையதென்று உறுதி செய்யப்பட்டது. அதோடு பல ஊகங்கள் அடங்கின. யுத்த காலத்தில் விபத்துகளை மறைப்பது அரசுகளின் இயல்பு. எதிரி அறியலாகாது என்பது காரணம். யுத்தம் முடிந்த பின் மறைத்தலுக்கு அந்தக் காரணம் இல்லை. நேதாஜி தொடர்பான கோப்புகளை இந்திய அரசு எழுபது ஆண்டுகள் பூட்டி வைத்து, 2016 ஜனவரி 23 அன்றுதான் அவற்றுள் நூறு கோப்புகளைப் பகிரங்கப்படுத்தியது. 1956 ஜனவரியிலேயே ஜப்பானிய அரசு விபத்தை உறுதிசெய்து முடித்திருந்த விசாரணை அறிக்கையும் 2016இல்தான் வெளிவந்தது. அது முதலிலேயே தமிழிலும் வங்காளத்திலும் அச்சாகி ஊர்ச் சாவடிகளில் வாசிக்கப்பெற்றிருந்தால், கமுதியிலும் திருச்சுழியிலும் இரண்டு தலைமுறை காத்திருந்திராது. சந்தேகத்தை விதைத்தது மௌனமே; அந்த மௌனத்தின் பாபம் ஆட்சி செய்தோரைச் சாரும்.

இன்னொன்றும் கூறாமல் விடுவதற்கில்லை. தோட்டக் கூலிகளாகக் கடல் கடந்து, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, பர்மாக் காடுகளில் பசியாலும் நோயாலும் மாண்ட தமிழர்க்கு அஸ்தியுமில்லை, ஆணையமுமில்லை, தேதியுமில்லை. அவர்கள் வீட்டார் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து, ஒருநாள் திதி நிச்சயமில்லாமலே தர்ப்பணம் செய்யத் தொடங்கினர். காணாத மரணத்தை ஏற்றுக்கொள்ளும் கடினமான காரியத்தை அந்த ஏழைக் குடும்பங்கள் எவரும் கற்பிக்காமலே செய்து முடித்தன.

நேதாஜியின் அஸ்தி 1945 முதல் டோக்கியோ ரெங்கோஜி ஆலயத்திலேயே இருக்கிறது. அதைத் தாய்நாட்டுக்குக் கொணர வேண்டுமென்று அவருடைய மகள் அனிதா பலமுறை பகிரங்கமாகக் கேட்டிருக்கிறார். இந்திய அரசு இனியும் தாமதியாமல் அதற்கு இசைய வேண்டும். அது நிகழும் நாளில், ‘போஸ்’ என்று தம் பிள்ளைகளுக்குப் பெயரிட்ட அருப்புக்கோட்டைச் சீமையின் மக்கள் அதை எதிர்க்காமல் முன்னின்று வரவேற்பதோடு, ஹபீபுர் ரஹ்மானின் பெயரையும் அன்று மரியாதையோடு சொல்ல வேண்டும்.