அவ்வாவின் பகல்

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் நாளை மணிக்கணக்காக எண்ணிப் பார்க்கலாம். வேலை எட்டு மணி நேரம், இடையில் சாப்பாட்டுக்கு அரை மணி. பஸ்ஸில் போக இரண்டு, வர இரண்டு என்று வைத்தால் மொத்தம் பன்னிரண்டரை. தூக்கம் ஏழு. மிச்சமிருக்கும் நாலரை மணிக்குள் சமையல், துணி, தண்ணீர், ரேஷன் கடை, மாமியாரின் மாத்திரை எல்லாம் அடங்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பதென்று அந்தக் குடும்பம் முடிவெடுத்தால், அந்தப் படிப்பு இந்த நாலரை மணியின் எந்த மூலையில் இடம் பிடிக்கும்?

வீட்டுக்கல்வி என்றாலே வசதி படைத்தவர்களின் விருப்பம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பெங்களூரிலோ புனேயிலோ நன்றாகப் படித்த பெற்றோர், மடிக்கணினியில் வீட்டிலிருந்தே சம்பாதித்துக்கொண்டு பிள்ளையைத் தோட்டத்தில் விட்டு வளர்க்கும் காட்சிதான் மனத்தில் எழுகிறது. பள்ளிப்பட்டு மாதிரி ஊரில் அந்த ஆசைக்கு வேர் வேறு. பள்ளி வேன் வாசலுக்கு வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. எல்.கே.ஜி. கட்டணத்துக்குக் கம்பெனிச் சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. அல்லது, குழந்தை பள்ளி வாசலிலேயே அழுது அழுது காய்ச்சலில் விழுகிறது.

இவற்றுக்கு மேல் மொழியும் இருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு ஒரே நாளில் நகர்ந்தது. வீட்டுக்குள் புழங்கும் பேச்சு அப்படி நகர்வதில்லை. இன்றும் இங்கே பல வீடுகளில் தெலுங்குதான். அவ்வா என்று அழைக்கும் பாட்டியோடு தெலுங்கிலும் தெருவில் தமிழிலும் பேசி வளரும் குழந்தை, பள்ளிக்குப் போன முதல் நாளே மூன்றாவதாக ஆங்கிலத்தையும் சந்திக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அது நல்லதே. இந்த ஊர்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்க வராவிட்டால் அரசு அலுவலகப் படிவம்கூட எட்டாது. ஆனாலும் தன் முதல் கதைகளைக் கேட்ட மொழியில் ஓராண்டு கூடுதலாக இருந்து, அந்த மொழியிலேயே எண்ணவும் கேள்வி கேட்கவும் பழகட்டும் என்று ஒரு தாய் நினைத்தால் அதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. வீட்டுக்கல்விக்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த ஊருக்கு மிகவும் பொருந்துவது இதுதான்.

சட்டம் இதில் சொல்வது குறைவு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றியது. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. கடமை தவறிய பெற்றோருக்குத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. ஆறு வயதுக்கு முன் என்ன செய்வது என்பது அநேகமாகக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. உலகிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். ஜெர்மனியில் கூடாது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஒரு குடும்பத்திடமிருந்து 2013-இல் அதிகாரிகள் அவர்களைச் சில வாரங்கள் பிரித்து வைத்தார்கள். அது குடும்ப உரிமையை மீறிய செயல் ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இரண்டு நாடுகளும் வாதிடுவது பெற்றோருக்கும் அரசுக்கும் இடையே உரிமை யாருக்கு என்பதைப் பற்றி. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பகலில் குழந்தையின் பக்கத்தில் யார் இருப்பார் என்பதை அந்த வாதம் தொடுவதே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி நினைவு ஒன்று உண்டு. 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தை அடுத்த ஆண்டே காமராசர் அரசு கைவிட்டது. எதிர்த்தவர்கள் வீட்டில் கற்பதே கெடுதல் என்று சொல்லவில்லை. வீடு என்பது சாதியும் வறுமையும் குடியிருக்கும் இடமாக இருக்கும்போது, ‘வீட்டில் கற்றுக்கொள்’ என்பதற்கு ‘இருக்கும் இடத்திலேயே இரு’ என்று பொருள் வந்துவிடும் என்பதே அவர்கள் கண்டது. எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த எச்சரிக்கையின் கூர்மை மழுங்கவில்லை.

பக்கத்துப் பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓடும் வீடுகளை நினைத்தால் அது நன்றாக விளங்கும். அம்மா கம்பெனிக்குப் போயிருக்கிறாள். அப்பா தறியில் நிற்கிறார். குழந்தை பக்கத்தில் இருக்கிறது. ஊடை நூலைத் தாரில் சுற்றக் கற்றுக்கொள்வதும் கல்விதான். நூலின் எண்ணிக்கை, நிறம் மாறும் முறை, அறுந்த இழையைப் பிணைக்கும் விரல் நுட்பம் இவற்றில் பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கு இருக்கிறது. இதைக் குறைத்துப் பேசுவது நெசவாளரின் அறிவையே குறைத்துப் பேசுவதாகும். ஆனால் குழந்தை எந்த நிமிஷத்தில் கற்பதை நிறுத்தி உதவ ஆரம்பிக்கிறது என்பதை யார் பார்த்துச் சொல்வது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்குப் பள்ளி நேரம் என்ற ஒன்று கிடையாது. ‘மற்ற நேரம்’ என்பதற்கு அளவுகோலும் கிடையாது. வீட்டில் படிக்க வைப்பவர்கள் வேறு எதை முடிவு செய்யாவிட்டாலும், இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை இந்தப் பிள்ளையை ஒரு வேலைக்கும் கூப்பிடக்கூடாது என்ற கோட்டைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி மணி செய்து வந்த வேலை அது.

வீட்டுக்கல்வி பேசும் குடும்பங்களில் மரியா மாண்டிசோரியின் பெயர் அடிக்கடி அடிபடும். மணிகளைக் கோத்து எண்ணுவது, உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவுவது என்று அவர் உருவாக்கிய சாதனங்கள் இன்று கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. அவருடைய முதல் குழந்தைகள் இல்லம் எங்கே, யாருக்காகத் திறக்கப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1907 ஜனவரி 6 அன்று, ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் அது தொடங்கியது. பெற்றோர் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவரைக் கிறுக்கிக் கொண்டிருந்தார்கள். கட்டடத்தைப் புதுப்பித்தவர்களுக்குச் சுவரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாண்டிசோரிக்குப் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. தாய் வேலைக்குப் போகும் வீட்டில், தாய்மையின் சில கடமைகளை அந்தக் கட்டடத்தில் வாழும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்பது அவர் எண்ணம். ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருந்தார். தாய்மார்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பின்னாளில் 1939-இல் சென்னைக்கு வந்து, போர்க்காலத்தில் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரும் அவரே. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகப் பிறந்த ஒரு முறை, வேலைக்குப் போகத் தேவையில்லாத வீடுகளின் அடையாளமாக மாறியிருப்பது வருத்தம் தரும் மாற்றம். சான் லொரென்சோ சொன்ன விடையைப் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்தால், குழந்தை வீட்டிலா பள்ளியிலா என்ற கேள்வியின் அழுத்தமே குறைந்துவிடும். வீட்டிலிருந்து பத்தடி தூரத்தில், அவ்வா எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில், நம்பிக்கையான ஒருவர் இருந்தால் போதும்.

நடைமுறையில் அப்படி ஓர் இடம் அமையாத வீடுகளில் பகல் முழுதும் குழந்தையோடு இருப்பது அவ்வாதான். அவர் இல்லையென்றால் அக்கா. வீட்டுக்கல்வியைப் பற்றிய நியாயங்களில் இவர்கள் இருவரும் எண்ணப்படாமல் போவதே பெரிய அநியாயமாகப் படுகிறது. ‘நாங்கள் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறோம்’ என்று பெற்றோர் சொல்லும்போது, அந்த ‘நாங்கள்’ பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள, இரண்டு வேளை சமைக்கிற ஒரு பெண். அவருக்குப் பேரப்பிள்ளை மேல் உள்ள அன்பு உண்மையானது. அன்பு இருப்பதாலேயே அவருடைய பகல் முழுதையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியபோது, ஊரடங்கில் விட்டுப்போன பாடத்தை மாலை நேரத்தில் தெருவிலேயே சொல்லித்தர வந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று வைத்தது. சின்னத் தொகைதான். பாடம் சொல்லித் தருவது வேலை, வேலைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற ஒப்புதலாவது அதில் இருந்தது. அவ்வாவுக்கு அந்த ஒப்புதல்கூட வீட்டில் கிடைப்பதில்லை.

அக்காவின் நிலை இன்னும் கடுமையானது. பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தம்பிக்கு டீச்சராக்கினால் இரண்டு படிப்பும் போகும். இதில் எடைபோட ஒன்றுமில்லை; செய்யக்கூடாது.

அப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஐபோன் தொகுப்பு ஆலை ஒன்று திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்த்துவந்தது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. நடுவண் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. பிள்ளை இருந்தால் வேலை கெடும் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் அது பெண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. பிள்ளை பெற்ற ஆணைப் பார்த்து எந்த வாசலிலும் யாரும் தயங்குவதில்லை. வீட்டுக்கல்வியிலும் இதே கணக்கு ஓடுகிறது. ‘வேலைக்கும் போய்க்கொண்டு எப்படிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவாய்?’ என்று தாயைக் கேட்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் வீட்டில் இருக்கும் தகப்பன் மாலையில் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லித் தந்தால் அவரைப் புகழ்கிறார்கள். தாயிடம் கடமையாகக் கேட்கப்படுவது தகப்பனிடம் பெருந்தன்மையாகப் பார்க்கப்படும் வரை, எந்த வீட்டுக் கால அட்டவணையும் நேர்மையாக இராது.

1948-இன் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இன் மகப்பேறு நலத் திருத்தம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு அதை விரித்து, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தக் காப்பகம் இருப்பது பஸ் போய்ச் சேரும் இடத்தில். விடியலுக்கு முன் எழுப்பி, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்து, ஐந்து வயதுப் பிள்ளையை அங்கே கொண்டுபோகும் தாய் யாரும் இல்லை. பஸ் புறப்படும் ஊரில் அதே காப்பகம் இருந்தால் கதை வேறு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி ஆகிய ஊர்களிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் நிறுவனங்கள், அந்த ஆட்களின் பிள்ளைகளுக்கு அந்தந்த ஊரிலேயே கடன்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அது நின்றிருந்தால் முதலில் எண்ணிய நாலரை மணி நேரம் அரை மணியாகச் சுருங்கியிருக்கும்.

அரசுப் பள்ளியும் அதே இடத்தில் நிற்கவில்லை என்பதைச் சேர்த்து எடைபோட வேண்டும். எட்டு வயதுக்குள் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்ற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. காலை உணவுத் திட்டம் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 ஜூலை 15 அன்று, அதன் தொடக்கமும் இம்மாவட்டத்துக் கீழச்சேரியில். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு விடியுமுன் கிளம்பும் தாய்க்குத் தட்டில் விழும் அந்த உப்புமாவின் அருமை தெரியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, தாயும் தகப்பனும் வெளியே வேலைக்குப் போகும் வீட்டில் ஆறு வயதைத் தாண்டிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது சரியென்று படவில்லை. மாலையில் கிடைக்கும் அரை மணியை வீட்டுக்கல்வி என்று பெயரிட்டு நாள் முழுக்க நீட்ட முடியாது. அந்த அரை மணி பள்ளிக்குத் துணையாக இருக்கும்போதுதான் குழந்தைக்குப் பயன்படும். ஐந்து வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட ஆண்டு வேறு மாதிரி. தெலுங்கில் கதை சொல்லவும் தமிழில் எழுத்துக் கூட்டவும் தெரிந்த ஓர் அவ்வா இருந்து, தகப்பன் தன் பங்கு மணி நேரத்தை எழுதிக் கொடுத்து, தெருவில் விளையாட நாலு பிள்ளைகளும் இருந்தால், அந்த ஒரு வருடம் வீட்டில் கழிவதில் குழந்தைக்கு இழப்பு இல்லை. பிறகு சேரும்போது கதவும் மூடியிருக்காது. ஆறு வயதைத் தாண்டி வரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைச் சொல்லித்தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் அந்த ஆண்டின் ஒவ்வொரு பகலும் அவ்வாவினுடையது. தனக்கு இது சம்மதமா, முடியுமா, எந்தெந்த நாள் முடியாது, பதிலுக்கு வீட்டில் எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வார் என்று அவரிடம் இதுவரை யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை என்றால், ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் கேட்டுவிட வேண்டும். அவர் முடியாது என்றால் வாதாடாமல் பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும்.