முதுமையின் சோர்வும் நம் கடமையும்

தகடூர் என்னும் பழம்பெயர் உடைய தருமபுரியை நினைக்கும்போது, அதியமான் ஒளவைக்கு ஈந்த நெல்லிக்கனி நம் நினைவுக்கு வரும். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், அவ்வூரில் ஜினாலயம் விளங்கியதைக் கல்வெட்டு அறிவிக்கிறது. வாழ்நாளை நீட்டும் கனி அன்று ஒருவருக்கே கிட்டியது. இன்றோ நெடிய வாழ்நாள் பலருக்கும் வாய்க்கிறது. அவ்வாழ்நாளின் கடைப்பகுதியில் மனம் இருண்டு போமாயின் அதனை எவ்வாறு கருதுவது? இதுவே நம் முன் நிற்கும் வினா.

எழுபது கடந்த பெரியவர் ஒருவர் ஆலயம் செல்வதை நிறுத்துகிறார். நோன்பில்லாத நாளிலும் உணவை ஒதுக்குகிறார். விடியுமுன் விழித்துச் சுவரை நோக்கி அமர்ந்திருக்கிறார். "முன்வினை" என்பார் ஒருவர். "பற்று அறுகிறது, நல்லதே" என்பார் மற்றொருவர். "வேண்டுமென்றே செய்கிறார்" எனச் சினப்பாரும் உளர். மருத்துவரை நாட வேண்டும் என்ற எண்ணம் எவர்க்கும் எழுவதில்லை.

2017-18இல் நம் நாட்டில் நடந்த முதியோர் ஆய்வு, அறுபது கடந்தவருள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் எனக் கண்டது. உயர் குருதியழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய குருதிக் குழாய்களைச் சிதைக்கின்றன. அதனால் மூளையின் முற்பகுதியை உட்பகுதிகளோடு இணைக்கும் வெண்ணிழைகள் பழுதடைகின்றன. முதுமையில் தோன்றும் மனச்சோர்வு சிலருக்கு இவ்வாறு விளையலாம் என்னும் கருத்தை 1997இல் மருத்துவ அறிஞர் முன்வைத்தனர். அத்தகையோரிடம் சிந்தனை மந்தமாகும். எதையும் தொடங்கும் ஊக்கம் குன்றும். நாம் சோம்பல் என்று பழிப்பது பலபோது இதுவே.

பரம்பரைக்கும் பங்குண்டு. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் வெளிவந்த கணிப்பு, மனச்சோர்வுக்கு ஆட்படுவதில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 37 விழுக்காடு மரபணுக்களால் அமைவது என்றது. ஒரே மரபணுவைக் குற்றவாளியாக்கிய பழைய கருத்துகளை 2019இல் வந்த பேராய்வு ஆதரிக்கவில்லை. பல மரபணுக்கள் சிறிது சிறிதாகத் துணைபுரிகின்றன. எனவே குடும்பத்தில் இருந்ததனாலேயே ஒருவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. முதுமையில் முதன்முறையாக நோயுறுவோரிடம் குடும்ப வரலாறு குறைவாகவே காணப்படுகிறது.

இவை வினைக்கோட்பாட்டுக்கு முரணாகுமா? தத்துவார்த்த சூத்திரம், சோகத்தையும் அரதியையும் மோகனீய வினையின் வகைகளுள் வைத்துள்ளது. ஆயினும் வினை பயன் தருவதற்குப் பொருள், இடம், காலம் முதலிய நிமித்தங்கள் துணையாகின்றன. பழுதுற்ற குருதிக்குழாய் ஒரு நிமித்தம் எனின், மருந்தும் பரிவும் நிமித்தங்களே. காய்ச்சலுக்கு மருந்துண்ணும் நாம் மனநோய்க்கு மட்டும் வினையைக் காட்டி வாளாவிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. உணவை மறுக்கும் முதியவர் சல்லேகனை நோக்கிச் செல்கிறாரா, நோயின் பிடியில் உள்ளாரா? திருநாதர்குன்றில் ஐம்பத்தேழு நாள் அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரியரை நாம் போற்றுகிறோம். சமந்தபத்திர ஆசாரியர் சல்லேகனைக்குக் கூறிய காரணங்கள் யாவும் 'நீக்க இயலாதவை' என்னும் வரம்புக்குட்பட்டவை. அன்றியும், மரணத்தை விரும்புதல் அந்நோன்பின் அதிசாரங்களுள் ஒன்று. துயரம் தாளாமல் சாவை வேண்டும் மனமும், அமைதியோடு பற்றைத் துறக்கும் மனமும் வெவ்வேறானவை. மனச்சோர்வோ மருத்துவத்தால் பெரும்பாலும் தணியக்கூடியது. தணியும் நோயைத் துறவெனப் பாராட்டுவது அகிம்சைக்கு இழுக்காகும்.

ஆதலின் முதியவரின் சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். சாவைப் பற்றி அவர் பேசினாலோ, உணவை அறவே மறுத்தாலோ அன்றே செல்வோம். தைராய்டு குறைபாடும் பி12 உயிர்ச்சத்துக் குறைவும் இதுபோன்ற சோர்வைத் தரலாம். தாவர உணவில் பி12 இயல்பாகக் கிட்டாமையாலும், முதுமையில் அதனை உடல் ஏற்பது குறைவதாலும், புலால் உண்ணாத நம் குடும்பங்கள் குருதிச் சோதனையைத் தவிர்க்கலாகாது. மருத்துவமனை தொலைவில் இருப்பின், 14416 என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

பிறர்க்குத் தொண்டு செய்தலாகிய வையாவிருத்தியம், அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று. துறவியர்க்குச் செய்யும் அத்தொண்டின் பண்பு நம் இல்லத்து முதியோரிடமும் தொடங்கட்டும். அவர் அருகில் அமர்ந்து, குறை கூறாது கேட்டு, கைப்பிடித்து ஆலயத்துக்கு அழைத்துச் செல்வோம். அதியமான் ஈந்த கனியைப் போல நாம் அவர்க்கு ஈயத்தக்கது அதுவே.

அறம் வாழ்க.