வேலியும் படலையும்

நமது பங்குகளிலே வேதாகமத்தை வாசித்துச் சிந்திப்பதற்கும், குடும்ப வாழ்வு, பிள்ளை வளர்ப்பு, ஊர்ப் பிரச்சினைகள் ஆகியவற்றைப் பேசித் தெளிவதற்குமெனச் சிறு குழுக்கள் பல கூடுகின்றன. என்றோ ஒருநாள் ஒவ்வொரு குழுவிலும் ஒரு கேள்வி எழவே செய்யும். நாம் பேசுமிடத்துக்கு யார் யாரை வரவிடுவது? எல்லோருக்கும் திறந்து விடுவதா, நம்பிக்கையான ஒரு சிலரோடு நிறுத்திக் கொள்வதா?

அன்பார்ந்த வாசகரே, இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். மகனின் குடிப்பழக்கத்தைப் பற்றி ஒரு தாய் கண்ணீரோடு சொன்னது மறுநாள் சந்தையிலே கதையாகிவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு அவள் வருவாளா? வந்தாலும் வாய் திறப்பாளா? மறுபுறத்தில், பத்து ஆண்டுகளாக அதே எட்டுப் பேர் அதே கதிரைகளில் இருந்து, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டி வரும் குழுவிலே புதிதாக என்ன விளையப் போகிறது? வேலியில்லாத வளவிலே பயிர் நில்லாது. படலையில்லாத வளவுக்குள்ளோ வீட்டுக்காரரே போக முடியாது.

இக்கேள்விக்கு ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முன்னரே ஆழ்ந்த விடை கண்டவர் ஒருவர் இருக்கிறார். இத்தாலி நாட்டிலே மொந்தே கசினோ மலையில் மடம் அமைத்த புனித ஆசீர்வாதப்பரே அவர். கண்டி மறைமாவட்டத்தை நெடுங்காலம் பரிபாலித்த சில்வெஸ்திரின் துறவிகளும் அவருடைய ஒழுங்கையே பின்பற்றுபவர்கள். தமது சந்நியாசிகளுக்கு அவர் எழுதி வைத்த ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. அவற்றுட் சில நமது கேள்வியை நேரடியாகவே தொடுகின்றன.

மடத்துக்கு வரும் விருந்தினர் எவரையும் கிறிஸ்துநாதராகவே எண்ணி ஏற்கவேண்டும் என்பது 53ஆம் அதிகாரம். ஏழைகளிடமும் வழிப்போக்கரிடமும் கூடிய கவனம் காட்டவேண்டும். செல்வருக்கோ அவர்களுடைய தோரணையே மரியாதையைத் தேடிக் கொடுத்துவிடும் என்கிறார். ஆனால், அதே அதிகாரத்திலேயே விருந்தினருக்கு வேறு அடுக்களை அமைக்கிறார். நியமிக்கப்படாத சந்நியாசிகள் விருந்தினரோடு பேச்சில் இறங்கலாகாது என்றும் விதிக்கிறார். உள்ளே இருப்பவர்களின் அமைதி குலையாதிருக்கவே இந்த ஏற்பாடு.

வந்தவர் நிலையாகச் சேர விரும்பினால் வழி இன்னும் ஒடுங்குகிறது. நான்கைந்து நாட்கள் வாசலிலே பொறுமையோடு காத்திருக்க வேண்டும். பின்னர் ஓர் ஆண்டுக்கால சோதனை. அந்த ஆண்டிலே ஒழுங்குநூல் முழுவதும் அவருக்கு மூன்று முறை வாசித்துக் காட்டப்படும். இவ்வளவுக்கும் நடுவே ஆராயப்படுவது, இவர் உண்மையாகவே இறைவனைத் தேடுகிறாரா என்பதுதான்.

இவ்வளவு கண்டிப்பான வாசலுக்குள்ளே நடப்பதையும் பாருங்கள். முக்கிய காரியமொன்றைத் தீர்மானிக்கும்போது மடாதிபதி எல்லாரையும் கூட்டி ஆலோசனை கேட்கவேண்டும். இறைவன் பலமுறை இளையவருக்கே நல்ல வழியைக் காட்டுகிறார் என்பது காரணம். வேற்று மடத்திலிருந்து வந்து தங்குபவர் தாழ்மையோடு ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால், அதற்காகவே ஆண்டவர் அவரை அனுப்பியிருக்கலாம் என எண்ணிப் பார்க்கவேண்டும். அடிமையாகப் பிறந்தவருக்கு மேலாகச் சுயாதீனராகப் பிறந்தவரை, பிறப்பை மட்டும் கருதி, உயர்த்தலாகாது. வந்து சேர்ந்த வரிசைதான் அங்கே வரிசை.

ஆகவே அந்த வாசலிலே ஒரு கேள்வி உண்டு: “எதைத் தேடி வந்தாய்?” அங்கே கேட்கப்படாத கேள்வியும் ஒன்று உண்டு: “நீ யாருடைய பிள்ளை?” நீதியான வேலிக்கும் அநீதியான வேலிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

இந்த அளவுகோலை நமது குழுக்களில் வைத்துப் பார்ப்போம். நாம் ஒருவரையும் வரவேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் கூட்டம் வைக்கும் வீட்டைத் தெரிவு செய்வதிலே, சிலருக்கு மாத்திரம் நேரகாலத்தோடு அறிவிப்பதிலே, “இவர் வந்தால் அவர் வரமாட்டார்” என்ற கணிப்பிலே, சாதி என்ற பழைய கேள்வி சத்தமில்லாமல் கேட்கப்பட்டு விடுகிறது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, போர் முடிந்த 2009க்குப் பின்னரும் நம்மிடையே தங்கிவிட்ட குடும்பங்களை இன்னும் “வந்தவர்கள்” என்றே சொல்லும் இடங்கள் உண்டு. திவ்விய பலிபூசையில் ஒரே அப்பத்தில் பங்குபெறுபவர்கள், ஒரே விறாந்தையில் இருந்து பேச முடியாதென்றால், நாம் காப்பது பேச்சின் தூய்மையையா, நமது பெருமையையா?

“அவர்கள் வந்தால் பேச்சுக் கெட்டுவிடும்” என்பார் சிலர். கெடுப்பது பிறப்பல்ல, நடத்தையே. கேட்டதை வெளியே சொல்பவர், மற்றவரைப் பேசவிடாதவர், சண்டைக்கென்றே வருபவர் ஆகியோருக்குக் கண்டிப்பு வேண்டியதே. ஆனால் அக்கண்டிப்பு குழுவைத் தொடக்கியவரின் மைத்துனருக்கும் பொருந்தவேண்டும். திருந்தி வருபவருக்குத் திரும்பி வர வழியும் வேண்டும். மடத்தை விட்டுப் போனவரை மூன்று முறை வரை திரும்ப ஏற்கலாம் என்கிறது அந்த ஒழுங்குநூல்.

வேதாகம வாசிப்பும் பொதுக் கலந்துரையாடலும் எவருக்கும் திறந்திருக்கட்டும். மனப்பாரத்தை இறக்கி வைக்கும் நேரம், சில காலம் கூடப் பழகி வாக்குக் கொடுத்தவர்களுக்கு உரியதாக இருக்கட்டும். அந்தச் சில காலம் எவ்வளவு என்பது எல்லாருக்கும் ஒன்றாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்கட்டும். வாசலிலே விவேகமுள்ள முதியவர் ஒருவரை வைக்கச் சொன்னார் ஆசீர்வாதப்பர். தட்டும் சத்தம் கேட்டதுமே இறைவனுக்கு நன்றி சொல்லி மறுமொழி கொடுப்பது அவருடைய கடமை. நமது குழுவிலும் புதியவரை எதிர்கொள்ள அப்படி ஒருவர் வேண்டும்.

வாசகரே, உங்கள் குழுவிலே கடைசியாகப் புதியவர் ஒருவர் சேர்ந்தது எப்போது? ஒருமுறை வந்து, பின்னர் வராமல் விட்டவர் யார்? ஏன் வரவில்லை என்று எவராவது அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டதுண்டா? இல்லையென்றால், அடுத்த கூட்டத்துக்கு முன்னர் உங்களில் ஒருவர் போய் அவருடைய படலையைத் தட்டட்டும்.